சுங்கை சிப்புட்டிலிருந்து பேங்காக்: கல்யாணச் சாமான் வாங்கி ஊரும் பார்க்க நான்கு நாள் போதுமா?

கேள்வி: தங்கைக்குக் கல்யாணம். அம்மா, அத்தை உட்பட ஐந்து பேர் சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலில் பேங்காக் போகிறோம். 300 டோர் கிஃப்ட் (விருந்தினருக்குக் கொடுக்கும் சிறு பரிசு), துணி, கொஞ்சம் நகை வாங்க வேண்டும். அரண்மனை, கோயிலும் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான்கு நாள் போதுமா? எங்கே தங்குவது, எதை எங்கே வாங்குவது?

பதில்:

போதும். ஆனால் எந்தக் கிழமையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மொத்தக் கடைகள் நிறைந்த சாம்பெங் சந்தில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடிக் கிடக்கும். சட்டுச்சக் சந்தையோ சனி, ஞாயிறில்தான் முழுதாகத் திறக்கும். அதனால் வியாழன் ஊரில் ஏறி வெள்ளி காலை பேங்காக்கில் இறங்குங்கள். டோர் கிஃப்டுக்கு வெள்ளியன்றே ஆர்டர் கொடுத்துவிட்டுத் திங்கள் காலை எடுத்துக்கொள்ளுங்கள். 300 உருப்படி ஒரே நிறத்தில் ஒரு கடையில் கையிருப்பு இருப்பது அபூர்வம். அவர்கள் கிடங்கிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் கொடுத்தால் நிறம் கலக்காமல் கிடைக்கும். கடைசி நாளில் ஓடிப்போய்க் கேட்டால் நாலு கடையில் பொறுக்கிச் சேர்த்த சரக்குதான் கையில் வரும்.

முதலில் ரயில். மலேசிய மின்சார விரைவு ரயிலான இ.டி.எஸ். எல்லாமே சுங்கை சிப்புட்டில் நிற்காது. நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஈப்போவிலோ கோலகங்சாரிலோ ஏறுங்கள். எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து மாலையில் கிளம்பும் தாய்லாந்து படுக்கை ரயில் மறுநாள் காலை பேங்காக் சேரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாடாங் பெசாரிலிருந்து இரண்டு பெட்டிதான் கிளம்பும், மற்றவை ஹாட்யாயில்தான் சேர்க்கப்படும். அதனால் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதுமே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பாடாங் பெசாரிலிருந்து ஹாட்யாய்க்குச் சிறிய ரயிலில் போய் அங்கே படுக்கை ரயில் பிடிக்கலாம். அம்மாவுக்கும் அத்தைக்கும் கீழ்ப் படுக்கை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அகலமாக இருக்கும், ஏணி ஏற வேண்டாம். ஏர்கான் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் சால்வை கையிலேயே இருக்கட்டும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். தாய்லாந்து ரயில் சீட்டில் இருப்பது அவர்கள் நேரம்.

விசா வேண்டாம். ஆனால் 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்கு மின்னணு வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங்குக்குப் போவதில்லை. குருங் தேப் அபிவட் என்ற புது நிலையத்தில்தான் இறங்குவீர்கள். (குருங் தேப் என்றால் தேவர்களின் நகரம். அபிவட் நம் 'அபிவிருத்தி'யின் பங்காளி.) அதற்குக் கீழேயே பாங் சூ மெட்ரோ இருக்கிறது. அந்த நீல வழித்தடம்தான் உங்கள் பயணத்துக்கு முதுகெலும்பு. சட்டுச்சக்குக்குக் கம்பெங் பெட், சைனா டவுனுக்கு வாட் மங்கோன், சாம்பெங்குக்கும் துணிச் சந்தையான பாஹுரத்துக்கும் சாம் யோத், அரண்மனைப் பக்கத்துக்குச் சனாம் சாய் என எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றன. எனவே வாட் மங்கோன், சாம் யோத் இரண்டில் ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். சுகும்வித் பக்கம் ஹோட்டல் பளபளவென்று இருக்கும், ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலும் தினமும் ரயில் மாற வேண்டிவரும். மெட்ரோ கதவில் வீசா, மாஸ்டர் வங்கி அட்டையைத் தொட்டாலே போதும், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தில் கறுப்பு டோக்கன் வாங்குங்கள். மேலே ஓடும் பி.டி.எஸ். ரயிலுக்குத் தனிச் சீட்டு.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏழெட்டு பாட் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் டுயிட்நவ் (கியூ.ஆர். பணப் பட்டுவாடா) வசதியுள்ள வங்கிச் செயலியால் தாய்லாந்துக் கடைகளின் கியூ.ஆரை ஸ்கேன் செய்து கட்டலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் செயலியில் திறந்துவிடுங்கள். சின்னக் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூ.ஆரை நீட்டினால் அது நம் செயலியில் ஏறாது. கடையின் பெயரில் உள்ளதுதான் ஏறும். ஆகவே சாம்பெங்குக்கு ரொக்கமும் வேண்டும். அங்கே ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் போய்விடும். ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

இனி சாம்பெங். சைனா டவுனின் யாவ்வராத் சாலைக்கு இணையாக ஓடும் ஒடுக்கமான சந்து அது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும். அதற்குள்ளேயே தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் நுழையும். முடிந்தவரை காலையிலேயே போய், கூட்டம் கூடுமுன் வெளியே வந்துவிட வேண்டும். அம்மாவை உள்ளே கூட்டிப்போக வேண்டாம். பாஹுரத்தில் இந்தியா எம்போரியம் என்ற குளிரூட்டிய கட்டடத்தில் அத்தையோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சந்துக்குள் போங்கள்.

விலைப் பலகையில் இரண்டு மூன்று விலை எழுதியிருக்கும். 'ப்லீக்' என்றால் சில்லறை, 'சொங்' என்றால் மொத்தம். மொத்த விலைக்குச் சில கடையில் மூன்று உருப்படி போதும், சிலதில் ஆறு, பெரும்பாலும் ஒரு டஜன். டஜனுக்கு அவர்கள் சொல் 'லோ'. உங்களுக்கு 300 என்றால் 25 டஜன். 26 கேளுங்கள். ஜிப் ஓடாதது, தையல் விட்டது என்று ஏழெட்டாவது கழியும், ஊருக்கு வந்தபின் அதே நிறம் கிடைக்காது. எடையையும் வாங்குமுன்பே கணக்குப் போடுங்கள். ஒன்று 80 கிராம் என்றாலும் 312 உருப்படி 25 கிலோ. கண்ணாடிக் கிண்ணமும் பீங்கானும் மேசையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாடாங் பெசாரில் ரயில் மாறும்போது அந்தப் பெட்டியைத் தூக்கப்போவது யார்? யானை வேலைப்பாட்டுச் சில்லறைப் பை, நெட் துணிச் சுருக்குப் பை, விசிறி ஆகியவை எடை குறைவு, உடையாது. தைலமும் மூக்கில் உறிஞ்சும் குப்பியும் மலிவு என்று 300 எடுக்காதீர்கள். அது மருந்துக் கணக்கில் வரும், மொத்தமாகக் கொண்டுவந்தால் எல்லையில் கேள்வி கேட்பார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணச் சீட்டில் எண்ணிக்கை, நிறம், எடுக்கும் நாள் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். திங்களன்று கட்டைப் பிரித்து நடுவில் உள்ளதை மாதிரியோடு வைத்துப் பாருங்கள். மேலே மயில் நீலமும் நடுவில் வெளிர்நீலமுமாக வருவது உண்டு. சீர்தட்டு அலங்காரத்துக்கான ரிப்பன், மணி, துணிப்பூ, லேஸ், தலைச் சாமான் எல்லாம் இதே சந்தில்தான். அவற்றைச் சில்லறையாக வாங்கினால்கூட நம் ஊரைவிட லாபம். பேரத்துக்கு 'தாவ் ராய்?' (எவ்வளவு), 'லொட் தாய் மாய்?' (குறைக்க முடியுமா) இரண்டும் போதும், மீதியைக் கால்குலேட்டர் பேசிவிடும். மொத்த விலையில் பெரிதாகக் குறைய இடம் இருக்காது. சிரித்துக் கேளுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பாஹுரத், சாம்பெங் சந்தின் மறுமுனையில் இருக்கிறது. சீக்கியக் குடும்பங்கள் வளர்த்த துணிச் சந்தை, பொன் நிறக் கலசத்தோடு குருத்துவாரா தூரத்திலேயே தெரியும். பட்டுப்புடவை இங்கே வாங்காதீர்கள். இங்கே இருப்பதும் இந்தியாவிலிருந்து வருவதுதான், தேர்வும் குறைவு. லெஹங்கா துணி, வேலைப்பாட்டு நெட், பார்டர், லைனிங் வாங்கத்தான் பாஹுரத். இங்கே பலரும் ஏமாறுவது அளவில். சில கடை மீட்டரில் விற்கும், சில கடை கெஜத்தில். கெஜம் என்பது 91 செ.மீ.தான். ஐந்து மீட்டர் என்று நினைத்து ஐந்து கெஜம் வாங்கினால் 43 செ.மீ. குறையும், பாவாடையின் கொசுவம் போய்விடும். தைப்பவரிடம் முன்பே அளவு கேட்டு, துணியின் அகலம் 44 அங்குலமா 58 அங்குலமா என்பதையும் கடையில் கேளுங்கள். சில்க் என்று சொல்வதெல்லாம் பட்டல்ல. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் மயிர் கருகும் வாடை, சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகிவிடும்.

நகை யாவ்வராத்தின் சிவப்புக் கடைகளில் குவிந்து கிடக்கும். நம் 916-இல் தங்கம் 91.6 விழுக்காடு. அங்கே வழக்கம் 96.5 விழுக்காடு, நிறம் இன்னும் அழுத்தமாக இருக்கும், நகை சற்று மென்மையாகவும் இருக்கும். பலகையில் எழுதியிருப்பது கிராம் விலை அல்ல, ஒரு 'பாட்' எடையின் விலை. நகைக்கு ஒரு பாட் என்பது 15.16 கிராம், நம் எட்டு கிராம் பவுனில் கிட்டத்தட்ட 1.9. அதில் கால் பங்குக்கு 'சலுங்' என்று பெயர். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு பவுன் விலை என்று எண்ணி மலைப்பவர்கள் உண்டு. செய்கூலி தனி. தாலி, ஆரம் போன்றவற்றை நம் ஊர்ப் பொற்கொல்லரிடமே செய்வது நல்லது. பிற்காலத்தில் மாற்றவோ பழுதுபார்க்கவோ போனால் அங்கே வாங்கியதற்கு நம் கடைக்காரர்கள் தயங்குவார்கள். நினைவுக்கு ஒரு மெல்லிய சங்கிலி வேண்டுமானால் ரசீதோடு வாங்குங்கள்.

வாட் (மதிப்புக்கூட்டு) வரியைத் திருப்பித் தருவார்கள் என்று பெரிய கடைகளில் சொல்வார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் உண்டுதான், ஆனால் விமானத்தில் வெளியேறுபவர்களுக்கு மட்டுமே. ரயிலில் திரும்பும் உங்களுக்கு அது கிடைக்காது.

சனிக்கிழமை அரண்மனை. காலை 8.30-க்குத் திறக்கும், அப்போதே வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில் நகரவே முடியாது, நிழலும் இல்லை. ஆளுக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், பஞ்சாபி சூட் சரியான உடை. வழியில் யாராவது 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்றால் நிற்காமல் நடங்கள். அவர்கள் ஏற்றிவிடும் துக் துக் ஆட்டோ ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய தாழ்வாரச் சுவரில் தாய்லாந்து ராமாயணம் 178 சித்திரங்களாக ஓடுகிறது. பலர் பொற்கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டு இதைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். அனுமனைத் தேடிக்கொண்டே நடந்தால் அம்மாவுக்குக் கால் வலி கொஞ்சம் மறக்கும். அடுத்து வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர், 300 பாட். படகுத்துறையில் ஐந்து பாட் கொடுத்து ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில். அங்கே படிகள் செங்குத்து, அம்மா கீழே இருந்தே பார்க்கட்டும்.

மாலையில் சீலோம் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது, இன்று தாய்லாந்து மக்கள்தான் அதிகம் கும்பிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நவராத்திரி முடிவில் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள், அந்த நாளில் போனால் டாக்ஸி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'ஜே' என்று மஞ்சள் கொடி போட்ட கடையைத் தேடுங்கள், பூண்டு வெங்காயம்கூட இருக்காது. மற்ற கடையில் காய்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். 'மாய் சை நாம் ப்லா' என்று சொல்லிவிடுங்கள். பாஹுரத்தில் பஞ்சாபிச் சைவம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கு இரண்டு வழி. ஒன்று சட்டுச்சக்: 15,000-க்கு மேற்பட்ட கடைகள். கம்பெங் பெட் நிலையத்தின் 2ஆம் வாசல் நேரே சந்தைக்குள் விடும். பிரிந்துபோனால் நடுவிலுள்ள மணிக்கூண்டில் சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிடித்த கடையின் பிரிவு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்து தேடினால் கிடைக்காது.

இன்னொன்று காஞ்சனபுரி. என்னைக் கேட்டால் சட்டுச்சக்கை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்பேன். ஆற்றின் மறுகரையிலுள்ள தொன்புரி நிலையத்திலிருந்து காலை 8 மணிக்குச் சற்று முன் ரயில், வெளிநாட்டவருக்கு 100 பாட், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். பிற்பகல் ரயிலில் திரும்பலாம். 1942, 43-இல் நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் லயம் லயமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்தச் சயாம் மரண ரயில் பாதை அதுதான், 415 கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரே போர்க் கல்லறைத் தோட்டம். புல்வெட்டிய வரிசையில் பெயர் பொறித்த ஏறக்குறைய 7,000 கற்கள், எல்லாம் நேசநாட்டுப் போர்க்கைதிகளுடையவை. அங்கே செத்த நம் ஆட்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து போகும் குடும்பத்தில் பாட்டனோ பாட்டனின் தம்பியோ திரும்பாதவராக இருக்கலாம். கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மெட்ரோ சனாம் சாய் பக்கத்திலுள்ள பாக் குளோங் பூச்சந்தை இரவிலும் திறந்திருக்கும். முந்தின இரவே மல்லிகையும் செவ்வந்தியும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் அவர்கள் நினைவாகக் காஞ்சனபுரியின் க்வாய் பாலத்தடியில் ஆற்றில் விடலாம்.

திங்கள் காலை சாம்பெங்கில் சரக்கை எண்ணி எடுத்து, மதியத்துக்குள் அபிவட் நிலையம் போய்விடுங்கள், தெற்கே வரும் ரயில் பிற்பகலில் கிளம்பிவிடும். 25 கிலோவை ஒரே பெட்டியில் கட்டாமல் மூன்றாகப் பிரியுங்கள், படுக்கை வண்டியின் நடைவழி குறுகல். புத்தர் சிலை எதுவும் அதில் இருக்க வேண்டாம், அதை வெளியே கொண்டுபோக அவர்கள் நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். ரசீதுகளை ஒரே உறையில் போட்டு அதோடு கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் வையுங்கள். ஒரே மாதிரி 300 பையைப் பார்த்ததும் பாடாங் பெசார் சுங்க அதிகாரி வியாபாரச் சரக்கா என்று கேட்பார். அப்போது பெட்டியைப் பிரிக்கச் சுலபமாகக் கயிறு கட்டியிருங்கள், டேப் ஒட்ட வேண்டாம்.