விதியை ஒப்பிப்பதா, எழுதிப் பார்ப்பதா? மேல்நிலை வேதியியல் கேள்வி-பதில்

பாளையங்கோட்டையில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சுற்று வட்டாரத்து மாணவர்களிடமிருந்தும் பெற்றோர்களிடமிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மார்கோனிகாஃப் விதியையும் செயிட்செஃப் விதியையும் எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும், தேர்வறையில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுகிறேன். என்ன செய்வது, ஐயா? (மாணவி, அம்பாசமுத்திரம்)

இரண்டு விதிகளையும் வெறும் வாக்கியங்களாகவே நீங்கள் மனத்தில் வைத்திருக்கிறீர்கள், அம்மா. இரண்டு வாக்கியங்களிலும் கார்பன், ஹைட்ரஜன், அதிகம், குறைவு என்ற அதே சொற்களே வருவதால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதலாவது, இரட்டைப் பிணைப்பில் புதிய அணுக்கள் வந்து சேரும் சேர்க்கை வினைக்கு உரியது, இரண்டாவது, அணுக்கள் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகும் நீக்க வினைக்கு உரியது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின்போது, ஹைட்ரஜன் அதிகம் உள்ள இரட்டைப் பிணைப்புக் கார்பனுக்கே மேலும் ஒரு ஹைட்ரஜன் போய்ச் சேர்கிறது. நீக்கத்தின்போது, ஹைட்ரஜன் குறைவாக உள்ள பக்கத்துக் கார்பனிடமிருந்தே அது பறிபோகிறது. வட்டிக் கடைக்காரரின் நியாயம் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

இருப்பினும் காரணம் தெரியாமல் இது நெடுநாள் நிற்காது. புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, ஹைட்ரஜன் ஓரக் கார்பனில் அமர்ந்தால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் தங்கி, ஈரிணைய கார்பன் நேரயனி உருவாகிறது. அது ஓரிணைய நேரயனியைவிட நிலைப்புத் தன்மை மிக்கது என்பதால் 2-புரோமோபுரோப்பேன் முதன்மை விளைபொருளாகிறது. நீக்க வினையிலும் நிலைப்புத் தன்மையே முடிவு செய்கிறது. 2-புரோமோபியூட்டேனை ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் வெப்பப்படுத்தினால், அதிகப் பதிலிகளைக் கொண்ட 2-பியூட்டீன் ஏறத்தாழ 80 விழுக்காடும் 1-பியூட்டீன் ஏறத்தாழ 20 விழுக்காடும் கிடைக்கின்றன.

இனி, ஒரு வெள்ளைத் தாளை நெடுக்காக மடியுங்கள். இடப் பக்கத்தில் விதியை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாகவும், வலப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வினையையும் எழுதி, அடியில் அந்த விதி எங்கே பொய்க்கிறது என்பதையும் குறியுங்கள். பெராக்சைடு இருந்தால் புரோப்பீன் 1-புரோமோபுரோப்பேனைத் தரும். ஆனால் இந்தப் பெராக்சைடு விளைவு ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே உண்டு, குளோரைடுக்கும் அயோடைடுக்கும் இல்லை. மறுநாள் இடப் பக்கத்தை மறைத்துக்கொண்டு, வினையை மட்டும் பார்த்து விதியை எழுதுங்கள். அதற்கடுத்த நாள் வலப் பக்கத்தை மறையுங்கள். சேரன்மகாதேவிப் பேருந்தில் உதடசைத்து ஒப்பித்துக்கொண்டே வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். பேனாவை எடுத்து எழுதாதவரை வேதியியல் கைக்கு வராது.

மகனுக்கு எந்த கைடு வாங்குவது? கடையில் நான்கைந்து வைத்திருக்கிறார்கள். (ஒரு தாய், நாங்குநேரி)

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் இரண்டு தொகுதிகளையும் அவன் ஒருமுறை முழுமையாக வாசித்துவிட்டானா என்று முதலில் கேளுங்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில், இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பது வினாக்களில் ஆறுக்கு விடை எழுதலாம் என்றாலும், 24-ஆம் வினாவும் 33-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். முக்கிய வினாக்கள் என்று கைடு பொறுக்கித் தரும் பட்டியலை மட்டும் நம்பும் மாணவன் இவ்விரண்டிலும் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. என் மாணவன் ஒருவன் திருப்புதல் தேர்வில், நீர்க் கரைசலில் மெத்தில் அமீன்களின் காரத்தன்மை ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் (ஒன்று, இரண்டு, மூன்று மெத்தில் தொகுதிகள் கொண்டவை) என்ற வரிசையில் கூடுவதாக எழுதியிருந்தான். கேட்டபோது கைடை எடுத்து நீட்டினான், அதில் அப்படியேதான் அச்சாகியிருந்தது. வாயு நிலைக்கு அது சரி. நீரில் டைமெத்தில் அமீனே வலிமை மிக்கது. அடுத்து மெத்தில் அமீன், அதன் பின்னரே டிரைமெத்தில் அமீன், கடைசியில் அம்மோனியா. மூன்று மெத்தில் தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கையில், புரோட்டானை ஏற்ற அயனியைச் சூழ்ந்து நிலைப்படுத்த நீர் மூலக்கூறுகளுக்கு இடம் போதாமல் போவதே காரணம். ஆகவே கைடு வாங்குவதானால், கடையிலேயே இந்த வரிசையையும் இரண்டு கணக்குகளையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அம்மா. கணக்குகளுக்கு விடையை மட்டும் தராமல் படிப்படியாகச் செய்து காட்டும் ஒரே ஒரு கைடு போதும்.

நிறமாலை வேதியியல் வரிசையை மனப்பாடம் செய்ய ஏதேனும் சுருக்கு வழி உண்டா? (மாணவர், முக்கூடல்)

உண்டு, தம்பி. உலோகத்தோடு பிணைந்து அணைவுச் சேர்மத்தை உருவாக்கும் அயனிகளையும் மூலக்கூறுகளையும், அதாவது ஈனிகளை, வலிமைப்படி அடுக்கியதே இந்த வரிசை. ஈனியில் உலோகத்தோடு பிணையும் அணு எது என்று மட்டும் பாருங்கள். ஹாலஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் என்ற வரிசையில் ஈனியின் வலிமை பொதுவாகக் கூடுகிறது. தனிம வரிசை அட்டவணையின் இரண்டாம் வரிசையை வலமிருந்து இடமாகப் படிப்பதைப் போன்றது இது. புளூரைடு, நீர், அம்மோனியா, சயனைடு என்ற நான்கையும் நட்டுவிட்டால் மற்றவற்றை இடையிடையே செருகிக்கொள்ளலாம். கந்தகத்தின் வழியே பிணைபவை மட்டும் ஹாலஜன்களின் அருகே நிற்கும். கோபால்ட்டின் ஆறு புளூரைடு அணைவு நான்கு தனித்த எலக்ட்ரான்களோடு பாராகாந்தத் தன்மையையும் (காந்தத்தால் ஈர்க்கப்படுவது), அதே கோபால்ட்டின் ஆறு அம்மோனியா அணைவு டயாகாந்தத் தன்மையையும் (தனித்த எலக்ட்ரான் இல்லாததால் அப்படி ஈர்க்கப்படாதது) காட்டுவது ஏன் என்று எழுதிப் பாருங்கள். வரிசை தானாகவே பதியும்.

புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் போதுமா? (மாணவி, சேரன்மகாதேவி)

தேர்ச்சிக்கு உதவும், பதினைந்துக்குப் பதினைந்து வாங்கப் போதாது. விடைத்தாளில் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மகள் தமிழ்வழியில் படிக்கிறாள். நீட் தேர்வும் எழுதப் போகிறாள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வாங்க வேண்டுமா? (ஒரு தந்தை, ஆலங்குளம்)

வாங்கலாம், ஆனால் மத்திய அரசின் அந்தப் பாடநூல் தமிழில் வெளிவருவதில்லை என்பதால், அதையே முதல் நூலாகக் கொள்ள வேண்டாம். மாநிலப் பாடநூலில் பாடத்தைப் புரிந்துகொண்ட பின், அதே பாடத்தை அதில் வாசித்து ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகிக்கொள்ளட்டும். நீட் வினாத்தாளைத் தமிழில் பெறலாம் என்றாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

இரண்டு பாடநூல்களிலும் பாடங்கள் வரும் வரிசை ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கரைசல்களும் ஹாலோ ஆல்கேன்களும் என்.சி.இ.ஆர்.டி.யில் பன்னிரண்டாம் வகுப்பில் வருகின்றன. நம் பாடநூலிலோ அவை பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில் உள்ளன. ஆகையால் பதினொன்று முடிந்ததும் அந்தப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மறுபுறம், திடநிலை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் ஆகியவை 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. பொதுத்தேர்வுப் பாடநூலில் மூன்றும் உண்டு. நீட்டுக்கு வேண்டாதது என்று பயிற்சி மையத்தில் சொன்னதைக் கேட்டு அவற்றை ஒதுக்கிய பிள்ளைகள், மார்ச் மாதத்தில் என்னிடம் ஓடி வந்திருக்கிறார்கள்.

அண்ணன் 2015-இல் படித்த பாடநூல் வீட்டில் இருக்கிறது. அதையே வைத்துப் படிக்கலாமா? (மாணவர், வள்ளியூர்)

வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் 2019-20-ஆம் கல்வியாண்டில் புதிதாக மாற்றப்பட்டது. அண்ணன் எழுதியது 200 மதிப்பெண் தேர்வு. வினாக்களின் அமைப்பும் வேறு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் புதிய நூல் விலையின்றியே கிடைக்கிறது. பழைய நூலைக் கணக்குப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வகை வினை 99.9 விழுக்காடு முடிவடைய ஆகும் நேரம் அரைவாழ் காலத்தைப் (வினைபடுபொருளில் பாதி தீர ஆகும் நேரம்) போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று நிறுவும் கணக்கு, அன்றும் இன்றும் ஒன்றுதான்.