அன்டோனியோ இனோக்கி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் பாதிப் பேர் முகமது அலி சண்டையைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள். அதனால் அந்தப் பதில் மட்டும் நீளம். எத்தனை பெல்ட், எத்தனை முறை சாம்பியன் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அவரே நடத்திய கம்பெனியில் அவரே வென்ற பட்டங்களை எண்ணுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

டபிள்யூ.டபிள்யூ.ஈ. மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். இனோக்கி யார் சார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

நான்கு வரி கொடுங்கள். 1943இல் யோகோஹாமாவில் பிறந்தவர். 1972இல் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் கம்பெனியைத் தொடங்கினார். 1976இல் அலியோடு மோதினார். 1989இல் நாடாளுமன்றம் போனார். 2022 அக்டோபர் 1 அன்று 79 வயதில் இறந்தார். ஹல்க் ஹோகன் ஜப்பானில் பெரிய ஆளானது இவருடைய கம்பெனியில்தான்.

பெயர் அன்டோனியோ. பிரேசில்காரர் என்கிறார்களே, உண்மையா?

பச்சை ஜப்பானியர். இயற்பெயர் கான்ஜி இனோக்கி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். போருக்குப் பிந்தைய வறுமையில் 1957இல் குடும்பமே கப்பலேறி பிரேசிலுக்குப் பிழைக்கப் போனது. அந்தக் கடற்பயணத்தில் தாத்தா இறந்துபோனார். போய்ச் சேர்ந்த இடம் காபித் தோட்டம். பதினான்கு வயதுப் பையன் அங்கே கூலி வேலை செய்தபடியே குண்டு எறிதல், வட்டு எறிதல் என்று உடம்பை வளர்த்தான்.

1960இல் பிரேசிலுக்கு வந்த ரிக்கிடோசான் கண்ணில் பட்டான். ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தத்தை வளர்த்தெடுத்தவர் அவர், பிறப்பால் கொரியர். பையனைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று இனோக்கி கோதாவில் இறங்கினார். அன்றே அறிமுகமான இன்னொருவர் ஜயன்ட் பாபா, பேஸ்பால் ஆடிவிட்டு வந்த 209 செ.மீ. உயரக்காரர். பாபா தன் ஆட்டத்தில் ஜெயித்தார், இனோக்கி தன் ஆட்டத்தில் தோற்றார். பாபாவை ரிக்கிடோசான் அமெரிக்காவுக்கு அனுப்பி நட்சத்திரமாக்கினார். இனோக்கிக்குக் கிடைத்தது குருவின் எடுபிடி வேலை, கூடவே அடி உதை. பிற்பாடு இனோக்கி செய்த பல காரியங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முடிவை முன்பே பேசி வைத்து ஆடுகிற ஆட்டம்தானே அண்ணா இது? இதில் "பலசாலி" என்று எதற்குப் பட்டம்?

பேசி வைத்ததுதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் இனோக்கி காலத்து ஜப்பானில் ஜூடோக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் "உங்களுடையது நாடகம்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். பாபா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனோக்கியால் அப்படி இருக்க முடியவில்லை. தொழில்முறை மல்யுத்தமே எல்லாச் சண்டைக் கலைகளிலும் வலியது என்று ஊருக்கு நிரூபிக்கக் கிளம்பினார். 1976 பிப்ரவரியில் மியூனிக் ஒலிம்பிக்கில் ஜூடோவில் இரண்டு தங்கம் வாங்கிய வில்லெம் ருஸ்காவை ரிங்குக்கு அழைத்தார். அதுவும் பேசி வைத்த ஆட்டம்தான். ஆனால் "இது வேறு மாதிரி" என்று மக்கள் நம்பினார்கள். எது நிஜம், எது ஆட்டம் என்ற கோட்டை அழித்து அழித்து விளையாடியதுதான் அவருடைய மொத்த வாழ்க்கையும். சில சமயம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அலி சண்டை எப்படி நடந்தது? யூடியூபில் பார்த்தேன், ஒருத்தர் படுத்தே கிடக்கிறார். (கோவையிலிருந்து, இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்)

1975இல் ஜப்பானிய அமெச்சூர் மல்யுத்த சங்கத் தலைவரிடம் அலி, "கிழக்கே என்னோடு மோத ஆள் உண்டா? பத்து லட்சம் டாலர் தருகிறேன்" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார். அலி அன்றாடம் பேசுகிற பேச்சுதான். இனோக்கி அதைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடைசியில் அலிக்கு 60 லட்சம் டாலர் என்று ஒப்பந்தமானது. அந்தக் காலத்தில் மயக்கம் வரவைக்கும் தொகை.

1976 ஜூன் 26, டோக்கியோ புடோக்கான் அரங்கம். அமெரிக்கத் தியேட்டர்களில் வெள்ளி இரவுக் காட்சியாக ஓட வேண்டும் என்பதற்காக டோக்கியோவில் சனிக்கிழமை பகலில் வைத்தார்கள். அலி தரப்பு ஏதோ காட்சிப் போட்டி என்று நினைத்து வந்தது, இனோக்கி நிஜமாகப் பயிற்சி எடுப்பதைப் பார்த்ததும் மிரண்டுபோய் விதிகளை இறுக்கியது என்று இனோக்கி பக்கம் சொல்லி வந்தார்கள். என்னென்ன தடை என்பது பார்க்க வந்தவர்களுக்கு விளக்கப்படவில்லை. மணி அடித்ததும் இனோக்கி ஓடிப்போய்ச் சறுக்கி, மல்லாந்து படுத்து, அலியின் இடது தொடையில் உதைத்தார். அப்புறம் 15 சுற்றும் அதேதான். அலி "எழுந்து வாடா" என்று கத்துகிறார், கயிற்றில் ஏறி நிற்கிறார். அவர் விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். நடுவில் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, இனோக்கியின் ஷூவில் டேப் ஒட்டச் சொல்கிறார். லேஸ் மாட்டும் இடம் அலியின் காலைக் கிழிக்கிறது என்று புகார். உலகக் குத்துச்சண்டை சாம்பியனின் ஆட்கள் எதிராளியின் ஷூவைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்றால், அந்த உதை எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள். அமெரிக்கா திரும்பியதும் காலில் ரத்தக்கட்டி என்று அலி மருத்துவமனையில் படுத்தார்.

பார்க்கச் சலிப்பான சண்டை, சந்தேகமே இல்லை. அரங்கத்தில் குப்பையை வீசினார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் பேசி வைத்திருந்தால் இவ்வளவு மோசமாக ஆடியிருக்க மாட்டார்கள். இது நிஜச் சண்டைதான் என்பதற்கு எனக்கு அந்தச் சலிப்பே போதும்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: யார் ஜெயித்தது?

சமன். இதில் வேடிக்கை உண்டு. நடுவர் ஜீன் லபெல் 71–71 என்று போட்டார். குத்துச்சண்டைப் பக்க நடுவர் இனோக்கிக்கு 72–68 கொடுத்தார். மல்யுத்தப் பக்க நடுவர் அலிக்கு 74–72 கொடுத்தார்! ஆட்டத்தில் செய்த தவறுகளுக்காக இனோக்கியிடம் பிடுங்கிய புள்ளிகளைத் திருப்பிப் போட்டால் அவர்தான் வெற்றியாளர். ஆனால் கம்பெனி கடனில் மூழ்கியது. அந்தக் கடனை அடைக்கத்தான் அடுத்த சில ஆண்டுகள் கராத்தேக்காரர், குத்துச்சண்டைக்காரர் என்று கண்டவரோடும் "வேற்றுமுறைச் சண்டை" போட்டுத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டியிருந்தது. அலியும் இவரும் பிற்பாடு நண்பர்களானது தனிக் கதை. இனோக்கி ரிங்குக்கு வரும்போது ஒலித்த இசைகூட அலி வழியாக வந்ததுதான்.

பாகிஸ்தானில் ஒரு பயில்வானின் கையை உடைத்தாராமே?

ஆமாம். அலி சண்டை நடந்த ஆறாவது மாதம், 1976 டிசம்பர் 12, கராச்சி தேசிய மைதானம். எதிராளி அக்ரம் பயில்வான், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் பெரும் பயில்வான் மகா காமாவின் தம்பி மகன். குஸ்திப் பரம்பரை. முடிவு பேசி வைக்கப்படாததால் ஆட்டம் நிஜமாகிப் போனது. மூன்றாவது சுற்றில் இனோக்கி கையை முறுக்கிப் பூட்டுப் போட்டார். அக்ரம் விட்டுக்கொடுக்கவில்லை, தோள் போய்விட்டது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானம் அது.

பழி தீர்க்க அக்ரமின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ஜாரா என்ற இளைஞரைத் தயார் செய்தார்கள். 1979 ஜூனில் லாகூரில் ஐந்து சுற்று. ஜாரா இனோக்கியை விடவில்லை. முடிவு வராத ஆட்டம். கடைசியில் இனோக்கி தானே போய் ஜாராவின் கையைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து பாகிஸ்தானில் அவருக்கு ஒரு தனி மரியாதை. நிலைமையை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். அது பெருந்தன்மையா, உயிரோடு வெளியே போகும் வழியா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

டைகர் ஜீத் சிங் நம்ம ஊர்க்காரர்தானே?

பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறியவர். தலைப்பாகை, வாயில் கடித்த வாள் என்று வந்து ஜப்பானியக் குழந்தைகளை அலற வைத்தவர். 1973 நவம்பரில் டோக்கியோ ஷிஞ்சுகுவில் ஒரு பெரிய கடைக்கு முன்னால், மனைவியோடு சாமான் வாங்கிவிட்டு வந்த இனோக்கியை நடுத்தெருவில் வைத்து அடித்தார். மனைவி மிட்சுகோ பைஷோ நடிகை என்பதால் செய்தி பற்றிக்கொண்டது. போலீஸ் வரை போனது. அடுத்த ஆண்டு ஒசாகாவில் இனோக்கி சிங்கின் "கையை உடைத்து" கணக்கை முடித்தார். அப்போதுதான் பிறந்திருந்த கம்பெனிக்கு முதல் பெரிய வசூல் மன்னன் இந்தச் சிங்தான். போட்டிக் கம்பெனி நடத்திய பாபாவுக்கு அமெரிக்க நட்சத்திரங்கள் வரிசையில் நின்றபோது, இனோக்கிக்கு வாய்த்தது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ஒரு பஞ்சாபி. அவரை வைத்தே கொடிகட்டினார்.

பாபாவும் இனோக்கியும் நேருக்கு நேர் மோதியிருந்தால்?

தொடக்க காலத்தில் மோதியிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் பாபாதான் ஜெயித்தார். பெரிய ஆளான பிறகு இனோக்கி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பாபா அசையவில்லை. 1979 ஆகஸ்டில் புடோக்கானில் ஒரே அணியாகச் சேர்ந்து அப்துல்லா த புட்சர், டைகர் ஜீத் சிங் ஜோடியை வென்றார்கள். உடனே மைக்கைப் பிடித்து இனோக்கி சவால் விட்டார். பாபாவும் கூட்டத்தின் முன் சரி என்றார். நடக்கவேயில்லை. நடந்திருந்தால் யார் தோற்பது என்று பேசித் தீர்க்கவே ஒரு வருடம் ஆகியிருக்கும்.

மக்கள் வரிசையில் நின்று இவரிடம் கன்னத்தில் அறை வாங்குகிறார்களே, ஏன்?

1990இல் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சிப் பள்ளியில் பேசப் போனார். வயிற்றில் குத்திப் பாருங்கள் என்று மாணவர்களை அழைத்தார். ஒரு பையன் எதிர்பாராத நேரத்தில் பலமாகக் குத்திவிட, இவர் கை தானாக எழுந்து அவனை அறைந்துவிட்டது. அவன் கோபப்படாமல் நன்றி சொன்னான். மற்ற மாணவர்களும் "எனக்கும் ஒன்று" என்று வரிசை கட்டினார்கள். அதற்கு அப்புறம் அது சடங்காகிவிட்டது. புத்தாண்டுக்கு, தேர்வுக்கு, கல்யாணத்துக்கு என்று எதற்கும் அறை.

அரசியலில் உருப்படியாக ஏதாவது செய்தாரா?

1989 மேலவைத் தேர்தலில் விளையாட்டு அமைதிக் கட்சி என்று சொந்தக் கட்சி. அந்த ஆண்டுதான் ஜப்பானில் 3% நுகர்வு வரி வந்தது. வரிக்குப் பிடரி உதை, நாடாளுமன்றத்துக்கு ஆக்டோபஸ் பிடி என்று தன் மல்யுத்த அடிகளையே கோஷமாக்கி ஜெயித்தார்.

உருப்படியான காரியம் ஈராக். 1990இல் குவைத்தை சதாம் பிடித்தபோது ஜப்பானியர்கள் பலரை ஈராக் பிணையாக வைத்திருந்தது. வெளியுறவுத் துறை முகம் சுளித்தும், இவர் பிணையாளிகளின் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு பாக்தாத் போய் டிசம்பர் முதல் வாரத்தில் விளையாட்டு விழா நடத்தினார். சில நாளில் விடுதலை வந்தது. அதே வாரம் எல்லா நாட்டுப் பிணையாளிகளையும் சதாம் விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுப் புகழும் இவருக்கே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பானிய அரசியல்வாதிகளில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நின்றவர் இவர்தான்.

1995 ஏப்ரலில் வட கொரியாவின் பியோங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா, அமெரிக்க மல்யுத்த வீரர் ரிக் பிளேரோடு மோதல், விருந்தினராக அலி. குரு ரிக்கிடோசான் பிறந்த பகுதி இன்று வட கொரியாவில் இருக்கிறது என்பதால் இவருக்கு அது தனிப்பட்ட விஷயம். கம்பெனிக்கோ பெரும் நஷ்டம்.

அவர் ரசிகர்கள் பேசாத பக்கம் என்ன? (நீங்களும் கொஞ்சம் பூசி மெழுகுகிற மாதிரி தெரிகிறது)

பணம். கரும்புச் சக்கையை நொதிக்க வைத்துக் கால்நடைத் தீவனமாக்குகிறேன் என்று பிரேசிலில் ஒரு தொழில் தொடங்கினார். யோசனை நல்லதுதான், ஆனால் காசு பாதாளத்துக்குப் போனது. மல்யுத்தத்தில் வந்த பணம் அங்கே கரைகிறது என்று 1983இல் சொந்தக் கம்பெனிக்காரர்களே கிளம்பி அவரைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். சில மாதத்தில் திரும்பி வந்தது வேறு விஷயம். அதே ஆண்டு ஜூனில் ஹோகனிடம் அடி வாங்கி நாக்கு வெளியே தள்ள மயங்கிக் கிடந்தாரே, அதுவும் அவரே யாரிடமும் சொல்லாமல் போட்ட திட்டம் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம், 2000க்குப் பிறகு தன் கம்பெனிப் பிள்ளைகளை நிஜச் சண்டைப் போட்டிகளுக்கு அனுப்பியது. யூஜி நகாட்டா அருமையான மல்யுத்த வீரர். 2001 டிசம்பர் 31இல் குரோஷியக் கிக்பாக்ஸர் மிர்கோ கிரோ காப்பிடம் 21 விநாடியில் விழுந்தார். இரண்டு வருடம் கழித்து ரஷ்யச் சண்டை வீரர் ஃபெடோரிடம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். தயாரிப்பே இல்லாத ஆளை அனுப்பி, கம்பெனியின் மானத்தை இவரே கப்பலேற்றினார். 2005இல் பங்குகளை விற்றுவிட்டுப் போன பிறகுதான் நியூ ஜப்பான் மெல்லத் தலையெடுத்தது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1974 மார்ச் 19, ஸ்ட்ராங் கோபயாஷியோடு நடந்த ஆட்டம். கடைசியில் போடும் ஜெர்மன் சூப்லெக்ஸில் (பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கித் தலைக்குப் பின்னால் வளைத்துப் போடும் அடி) இனோக்கியின் பாதங்கள் ஒரு கணம் தரையைவிட்டு எழும்பி, மொத்த பாரமும் அவர் கழுத்தில் நிற்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அடுத்து 1975 டிசம்பர் 11, பில்லி ராபின்சன். முழு 60 நிமிடம், அவசரமே இல்லாத பிடிச்சண்டை. முதல் புள்ளியை ராபின்சன் எடுத்துவிட, நேரம் முடியும் தறுவாயில் ஆக்டோபஸ் பிடியில் இனோக்கி சமன் செய்வார். அதே இரவு பாபா நடத்திய ரிக்கிடோசான் நினைவு விழாவுக்கு இவர் போகவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் ருசிக்கும்.

அலி சண்டையில் ஆறாவது சுற்று போதும்; அலி கீழே விழுவதும் இனோக்கி மேலே உட்கார்வதும் அதில்தான். கடைசியாக 1996 ஜனவரி 4, டோக்கியோ டோம், அமெரிக்க மல்யுத்த வீரர் வேடர். ஐம்பத்து மூன்றை நெருங்கிய ஆளை வேடர் கழுத்து மடங்கும்படி தூக்கிப் போடுவார். இனோக்கி எழுந்து வந்து கைப்பூட்டில் ஜெயிப்பார். 1998இல் நடந்த பிரியாவிடை ஆட்டத்தைவிட இதுதான் எனக்கு ஒசத்தி.