100 நாளாகியும் சிடி4 ஏறவில்லை: அப்பா கொடையாளர் என்பதாலா?

சகோதரி, தம்பிக்கு அப்பாவின் ஸ்டெம் செல் ஏற்றி 100 நாளாகியும் சிடி4 (நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல் வகை வெள்ளையணு) எண்ணிக்கை 90-லேயே நிற்பது அரைப் பொருத்தத்தாலா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு அதனால்தான். தன் செல் எது, பிற செல் எது என்று உடல் அடையாளம் காண உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் பாதி வேறுபடுவதால், அப்பாவின் டி செல்கள் தம்பியின் உடலைத் தாக்காதிருக்கப் பெரும்பாலும் ஸ்டெம் செல் ஏற்றியபின் 3, 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து கொடுப்பார்கள். அது டி செல்களையும் குறைத்துவிடும். புது டி செல்கள் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் பழகித்தான் வரவேண்டும். பெரியவர்களுக்கு அது சுருங்கியிருப்பதால் ஓராண்டுகூட ஆகலாம். 3 வாரத்தில் ஏறிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

சைமெரிசம் (கொடையாளர் செல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனை) அறிக்கையில் டி செல் முழுக்க அப்பாவுடையதா, சிஎம்வி வைரஸுக்கான பிசிஆர் சோதனை தொடர்ந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தை நிறுத்தவே வேண்டாம். அதை நிறுத்த சிடி4 பொதுவாக 200-ஐத் தாண்ட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.