புதிய இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ளத் தொடக்கநிலைக் கையேடு மட்டும் போதுமா?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. தொடங்குவதற்குப் போதும், பழகுவதற்குப் போதாது.

இயங்குதளம் என்பது கணினியின் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலைகளை ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருள். அதை நிறுவுவது, இணையத்தில் இணைப்பது போன்றவற்றைப் படிப்படியாகச் சொல்வது தொடக்கநிலைக் கையேடு.

சிக்கல் எங்கே வருகிறது? புதியவரைத் தடுப்பது தெரியாத விஷயங்களைவிட, பழகிப்போன விஷயங்கள்தான். வீடு மாறிய பிறகும் இருட்டில் கை பழைய வீட்டுச் சுவிட்ச் இருந்த இடத்துக்கே போகும் இல்லையா, அதுபோல. விண்டோஸில் கோப்புகளை வைத்திருந்த சி டிரைவைத் தேடுவார்கள். லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அருகில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அது மறைக்கப்படுகிறது. தட்டி முடித்து என்டரை அழுத்தினால் சரி. எழுதுபவருக்கு இதெல்லாம் எப்போதோ பழகிவிட்டது. அதனாலேயே, மிகவும் தேவையான இந்த ஒரு வரி கையேட்டில் விடுபட்டுப்போகிறது.

ஆகவே கையேட்டை முழுதாகப் படித்துவிட்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு படியையும் செய்துகொண்டே படியுங்கள். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அப்புறம், கையேடு உங்கள் பதிப்புக்கானதா என்பதையும் பாருங்கள்.

கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல் லினக்ஸ் வராது என்று பலர் நினைக்கிறார்கள்; அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றை மவுஸைக் கொண்டே செய்துவிடலாம்.