முழுத் தங்கம் என்று விற்ற கடிகாரம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் அம்மா. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துத் துரை கட்டியிருந்த கார்ட்டியே டேங்க் கடிகாரத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். முகநூலில் ஈப்போக்காரர் ஒருவர் 'மஸ்ட் டி கார்ட்டியே டேங்க், 18 காரட் முழுத் தங்கம், இப்போது தயாரிப்பில் இல்லை' என்று போட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் "முழுத் தங்கமா அண்ணே?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, கெட்டித் தங்கம்" என்று பதில் வந்தது. ஈப்போவுக்குப் போய் நேரில் பார்த்து, 4,600 வெள்ளியை (ரிங்கிட்) அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பி வாங்கினேன். போன வாரம் எங்கள் ஊர் நகைக்கடைப் பத்தரிடம் காட்டினால், உள்ளே வெள்ளி உலோகம், மேலே தங்க முலாம் என்கிறார். விற்றவரோ, "கடிகாரம் ஒரிஜினல்தான், பார்த்துத்தானே வாங்கினீங்க, பழைய பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை" என்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? போலீசுக்குப் போகலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. இன்றிலிருந்து அந்தக் கடிகாரத்தை யாரும் கட்ட வேண்டாம். வார் மாற்றுவது, பாலிஷ் போடுவது, பத்தரிடம் கொடுத்து மறுபடி உரைத்துப் பார்ப்பது எதுவுமே வேண்டாம். அப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஏன் கட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

விற்றவர் சொல்வதில் ஒரு பாதி உண்மையாகவே இருக்கலாம். 1977-இல் வந்த மஸ்ட் டி கார்ட்டியே டேங்க், ஸ்டெர்லிங் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய கடிகாரம். முழுத் தங்க டேங்க்கைவிடக் குறைந்த விலையில் விற்பதற்காகவே அந்த வரிசை வந்தது. பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி 925 என்றும், 20 மைக்ரான் தங்க முலாம் என்றும் பொடி எழுத்தில் பிரெஞ்சில் பொறித்திருக்கும். ஆகவே கடிகாரம் அசலாக இருந்தாலும், அவர் சொன்ன பொருள் அது இல்லை. நீங்கள் போலி என்று புகார் செய்யவில்லை. சொன்னது வேறு, கொடுத்தது வேறு என்கிறீர்கள். 'ஒரிஜினல்தான்' என்பது அதற்குப் பதில் ஆகாது.

பொருள் விற்பனைச் சட்டம் 1957-இன் 15-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்துக்கு ஒத்துப்போக வேண்டும். விற்றவர் கடைக்காரரா, வீட்டில் இருந்த ஒன்றை விற்ற தனிமனிதரா என்று இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. தரம் பற்றிய 16-ஆவது பிரிவு பெரும்பாலும் வியாபாரிகளைத்தான் பிடிக்கும். அதனால்தான் 15-ஐ முன்னால் வைக்கச் சொல்கிறேன். 'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற வாதமும் இங்கே அவ்வளவாக நிற்காது. கடையில் பார்த்து எடுத்த பொருளும் விவரத்தின் பேரில் விற்ற பொருளாகலாம் என்று, ஒரு கம்பளி உள்ளாடை வழக்கில் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1935-லேயே சொல்லியிருக்கிறது. அதிலும் நீங்கள் நேராகக் கேட்டு, அவர் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் வரிதான் உங்களுடைய மிகப் பெரிய பலம்.

ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 19-ஆவது பிரிவிலும் வழி உண்டு. தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. அவர் ஏமாற்றும் எண்ணமில்லாமல் தப்பாகச் சொல்லியிருந்து, சாதாரணக் கவனத்திலேயே நீங்கள் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் அந்த உரிமை போய்விடும். பின்மூடி எழுத்தையும் 4,600 வெள்ளி என்ற விலையையும் அவர் அங்கே கொண்டுவருவார். முழுத் தங்க கார்ட்டியே அந்த விலைக்கு வருமா என்று நீதிபதியும் கேட்கலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் விலக்கு அவருக்கு உதவாது. அதைக் காட்டுவது சிரமம். அதனால் இந்தப் பிரிவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கட்டாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம். விவரம் தப்பாக இருந்தால் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் உண்மை தெரிந்த பிறகும் கையில் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினால், பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். பத்தர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தாரா? அப்படியென்றால் எந்த இடத்தில், எவ்வளவு என்று இப்போதே படம் எடுத்து வையுங்கள். அவர் கண்டதைத் தேதி போட்டு, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பின்மூடி எழுத்தைத் தெளிவாகப் படம் பிடியுங்கள்.

அப்புறம் இந்த வாரத்துக்குள் விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விளம்பரத்தில் என்ன இருந்தது, வாட்ஸ்அப்பில் என்ன சொன்னார், பத்தர் என்ன கண்டார், அதனால் பொருளை நிராகரிக்கிறேன், 14 நாளில் 4,600 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும், இவ்வளவு போதும். கோபம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், முகவரி தெரிந்தால் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கடிகாரத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிராகரிக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்று பொருள் விற்பனைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு சொல்கிறது. பணம் கைக்கு வராமல் கடிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் வரவில்லை என்றால் எங்கே போவது? அவர் முகநூல் பக்கத்தைப் பாருங்கள். கடிகாரங்களைத் தொடர்ந்து வாங்கி விற்பவர் என்றால் அவர் வியாபாரி. அப்போது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 உங்களுக்குத் துணை வரும். 'ரீஃபண்ட் இல்லை' என்று சொல்லி அந்த உரிமைகளை அவர் தட்டிக்கழிக்க முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, போரங் 1 என்ற படிவத்தை நிரப்பிப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். அங்கே வக்கீல் ஆஜராகக் கூடாது, நீங்களே பேசுவீர்கள். பயப்படாதீர்கள், சாதாரண மக்களுக்காகவே அமைத்த இடம் அது. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாமல் இருப்பதே குற்றம்.

ஒரே ஒரு கடிகாரத்தை விற்ற தனிமனிதர் என்றால் நடுவர் மன்றம் எடுக்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில், 5,000 வெள்ளிக்குள் இருப்பதால், போரங் 198-இல் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஒப்பந்த வழக்குக்குக் காலக்கெடு 6 வருடம். தாமதிக்க அது காரணம் ஆகாது, நிராகரிக்கும் உரிமை அவ்வளவு நாள் காத்திருக்காது.

போலீஸ் ரிப்போர்ட் செய்யலாம். ஆனால் ஏமாற்றுக் குற்றத்துக்கான தண்டனைச் சட்டம் 420-ஆவது பிரிவுக்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். அவர் வேறொரு விளம்பரத்தில் இதே மாதிரிக் கடிகாரத்தை 'முலாம்' என்று போட்டிருந்தால் அது நல்ல சாட்சி. இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். ரிப்போர்ட் செய்தாலும் பணத்துக்கான வழக்கை நீங்கள்தான் நடத்த வேண்டும். அவர் படத்தைப் போட்டு 'திருடன்' என்று முகநூலில் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மானநஷ்ட வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அப்பாவிடம் பேசும்போது, இந்தக் கடிகாரமே போதும், வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவும் கூடும். அப்படியானால் நிராகரிப்புக் கடிதம் அனுப்பாதீர்கள். முழுத் தங்கமாக இருந்தால் என்ன மதிப்பு, இதன் மதிப்பு என்ன என்று கடிகார வியாபாரி ஒருவரிடம் எழுத்தில் வாங்கி, வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேட்கலாம். எந்த வழி என்பதை அவரோடு பேசி முடிவு செய்த பிறகு கடிதத்தை எழுதுங்கள்.