எட்டு நொடி

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக, மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டராக இருக்கிறேன். எங்கள் டீமில் டெவலப்பர்களுக்கு இருக்கும் மதிப்பு எங்களுக்கு இல்லை. ஏதாவது கேட்டால், ‘ரிலீஸ் நேரத்தில் இவ்வளவு கேள்வி எதற்கு?’ என்கிறார் மேனேஜர். போன வாரம்கூட ஒரு கிளை அலுவலகத்திலிருந்து, சில சமயம் ஒரே ரசீது இரண்டு முறை விழுகிறது என்று புகார். அந்தப் பிழையை வரவைக்க இருபது தடவை முயன்றேன், எனக்கு வரவில்லை, மூடிவிட்டேன். அதற்கும் திட்டு. இனி டெஸ்டிங்கை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நல்ல கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வது எப்படி? இல்லை, டெவலப்மென்ட் பக்கம் போய்விடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ‘எனக்கு வரவில்லை, மூடிவிட்டேன்’ என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மதிப்பு, மேனேஜர், ஏஐ எல்லாம் இருக்கட்டும். அந்த ரசீதைப் பற்றிப் பேசுவோம்.

சில வாரங்களாக தெராக்-25 என்ற இயந்திரம் பற்றி நான்சி லெவிசனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய கட்டுரையை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வருடம் டெஸ்டராக இருந்தும் நீங்கள் அதைப் படித்திருக்காவிட்டால் அது உங்கள் தவறு. இன்றைக்கே தேடிப் படியுங்கள்.

தெராக்-25 கனடாவில் செய்த கதிர்வீச்சு இயந்திரம், புற்றுநோய் சிகிச்சைக்கானது. 1985-லிருந்து 1987-க்குள் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அதில் டெக்சாஸின் டைலர் நகரத்தில் நடந்தது மட்டும் சொல்கிறேன். 1986 மார்ச் 21. இயந்திரத்தை இயக்கிய பெண் அனுபவசாலி, வேகமாகத் தட்டுபவர். எலக்ட்ரான் சிகிச்சைக்கு ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டவேண்டிய இடத்தில், கைப்பழக்கத்தில் எக்ஸ்-ரேக்கான ‘எக்ஸ்’ விழுந்துவிட்டது. உடனே பார்த்துவிட்டார். மேல் அம்புக்குறியை அழுத்திப் போய் அந்த ஓர் எழுத்தை மாற்றினார், எண்டர், எண்டர் என்று கீழே வந்தார், தொடங்கினார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’, அதாவது கோளாறு 54, என்று வந்து இயந்திரம் நின்றது. இப்படிச் சின்னச் சின்னதாக நிற்பது அங்கே தினப்படி நடப்பதுதான். தொடர்வதற்கான ‘பி’ பொத்தானைத் தட்டினார். உள்ளே படுத்திருந்தவருக்குக் கொடுக்கவேண்டியது 180 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பிறகு மதிப்பிட்டபோது 16,500-க்கும் 25,000-க்கும் இடையில் என்று தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து அறையைக் காட்டும் வீடியோ திரை இணைப்பில் இல்லை, ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. அவர் எழுந்துவந்து கதவைத் தட்டியபோதுதான் வெளியே தெரிந்தது. ஐந்து மாதத்தில் இறந்துபோனார்.

கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். அவர்களுக்கு 54 வரவில்லை. இந்த இயந்திரம் அளவுக்கு மீறிக் கொடுக்க வழியே இல்லை என்றார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கே நாளில், ஏப்ரல் 11, அதே பெண், அதே எழுத்து, அதே திருத்தம். இன்னொருவர்.

அப்புறம்தான் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் செய்யவேண்டியதைச் செய்தார். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தார். என்னென்ன தட்டினாய், எந்த வரிசையில் தட்டினாய் என்று கேட்டு, தானும் அப்படியே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். போதிய வேகம் கைக்கு வந்ததும் 54 வந்தது. இயந்திரத்தின் காந்தங்கள் தயாராக எட்டு நொடி பிடிக்கும். அந்த எட்டு நொடிக்குள் திருத்தி முடித்துவிட்டால் நிரலின் ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தம் தெரியவே தெரியாது. போனில் விவரம் சொன்னபோதுகூட கம்பெனிக்கு வரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வந்தது.

யோசித்துப் பாருங்கள் தம்பி. நிதானமாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்துத் தட்டுபவருக்கு அந்தப் பிழை வராது. நாம் அப்படித்தானே தட்டுகிறோம்? இருபது தடவை முயன்றேன் என்கிறீர்கள். இருபது தடவையும் உங்கள் கைதான் தட்டியது. அது ஒரே சோதனை.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு கூட்டுறவு வங்கியின் கவுண்டர் மென்பொருளைச் சோதித்த காலம். ஒரு கிளையிலிருந்து, சில சமயம் பணம் வேறு கணக்கில் ஏறிவிடுகிறது என்று ஓர் அம்மா இரண்டு முறை புகார் எழுதினார். இரண்டு முறையும் ‘வரவில்லை’ என்று மூடினேன். மூன்றாவது முறை எழுதியபோது நேரில் போய் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இடது கை சலானைப் புரட்டுகிறது, வலது கை எண் பலகையில் இருக்கிறது, கண் சலானில். திரையை அவர் பார்ப்பதே இல்லை. கணக்கு எண், எண்டர், தொகை, எண்டர். புதிய வாடிக்கையாளரின் விவரம் திரைக்கு வருவதற்குள் தொகை முந்தியவரின் கணக்கில் போய் விழுந்தது. சாயங்காலம் மொத்தம் ஒரு பைசா குறையாமல் டேலி ஆகிவிடும். பாஸ்புக்கில் பதிய வந்த ஒரு கிழவர், மகன் அனுப்பிய பணத்தைக் காணோம் என்று நின்றால்தான் தெரியும். நான் சோதித்ததெல்லாம் மொத்தம் சரியா என்றுதான். யாருடைய பணம் என்று கேட்கவே இல்லை. எனக்காக அந்த அம்மா மூன்று முறை கேட்டிருக்கிறார்.

ரிஸ்க் என்று எண் போட்டு எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். தெராக்-25-க்கும் போட்டிருந்தார்கள். கணினி தவறான முறையைத் தேர்ந்தெடுக்க நூறு கோடியில் நான்கு வாய்ப்பு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. அதற்கு முந்தைய தெராக்-20-இலும் இதே பிழை இருந்தது. சிகாகோவில் புது மாணவர்கள் வந்து கண்டபடி தட்டும் நாட்களில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்ததாம், அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமிருக்காது. பழைய இயந்திரத்தில் மென்பொருளைச் சாராத தனிப் பாதுகாப்புச் சுற்றுகள் தடுத்தன. புதியதில் அந்த வேலையையும் மென்பொருளிடம் விட்டுவிட்டார்கள்.

டைலர் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனியிலிருந்து மருத்துவமனைகளுக்குப் போன கடிதம் என்ன சொன்னது தெரியுமா? அந்த மேல் அம்புக்குறிப் பொத்தானின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னது. எனக்கு அதைப் படிக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.

டெவலப்மென்ட் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள், போகாமல் இருங்கள், இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் புகாரை மறுபடி திறங்கள். எழுதியவர் பெயர் அதில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவருக்குப் போன் செய்யுங்கள், சண்டைக்குப் போகிற குரலில் பேசாதீர்கள். முடிந்தால் பஸ் பிடித்து நேரிலேயே போய்விடுங்கள். கவுண்டரில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ரசீது வரத் தாமதமாகும்போது அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.