ஈறில் ரத்தம் வருகிறது, வலி இல்லையே டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு வருடமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வலி கிடையாது. சுகர் உண்டு. சிகரெட் பிடிக்கும் என் கணவருக்கோ ரத்தமே வருவதில்லை. கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார் அண்ணி. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விட்டுவிடாதீர்கள். பல் ஆடத் தொடங்கும்வரை பலருக்கு இந்த நோய் வலிப்பதே இல்லை.

பல்லில் படியும் கிருமிப் படலத்தை எடுக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஈறு சிவந்து வீங்கி, தேய்த்தால் ரத்தம் கசியும். அப்போதே சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டால் படலம் காரையாக இறுகும். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அதுதான். அப்புறம் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பையாகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது.

எல்லோருக்கும் ஒரே வேகமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் மருத்துவமே பார்த்திராத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்கு மெல்ல முற்றியது. மீதி 8 சதவீதத்தினருக்கு 40 வயதிலேயே சுமார் 20 பற்கள் போயிருந்தன. நீங்கள் இதில் எந்த ரகம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் வேகம் கூடும். ஈறு நோயும் சுகரை ஏற்றிவிடும்.

அண்ணி சொல்வதில் பாதி உண்மை. ஆடும் பற்களைச் சில சமயம் காரையே ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் பழைய ஆட்டம் தெரிகிறது, பழி கிளீனிங் மேல் விழுகிறது! சில நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

பல் மருத்துவரிடம் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளப்பார். 3 வரை சரி. 5, 6 என்றால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டிவரும். எண்களை எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்த முறை ஒப்பிடலாம். மூன்று மாதச் சராசரி சுகர் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடாதீர்கள்.

சரி, உங்கள் கணவர்? புகை ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். எலும்பு மட்டும் உள்ளே வேகமாகக் கரைந்துகொண்டிருக்கலாம். அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.